மெழுகுதிரியும் புகைக்கரியும்: பரடேயின் விரிவுரைகள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

விஞ்ஞான உரைநடையை இலக்கியத் திறனாய்வுக்குரிய பொருளாகக் கொள்ளலாமா என்னும் வினா எமது தமிழ்த்துறைகளில் இன்னும் உரியவாறு எழுப்பப்படவில்லை. உரைநடை வளர்ச்சி பற்றி எழுதுவோர் சமய கண்டனப் பிரசுரங்களையும் புனைகதைகளையும் பத்திரிகைக் கட்டுரைகளையும் கணக்கிலெடுக்கின்றனர். மானிப்பாயிலிருந்து வைத்தியர் கிறீன் கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தமிழிற் பெயர்ப்பித்த மருத்துவ நூல்கள்கூடக் கலைச்சொல்லாக்க வரலாற்றுக்குச் சான்றாகவே காட்டப்படுகின்றன; அவற்றின் வாக்கியங்கள் யாரை நோக்கிப் பேசின, எதனைச் சொல்லின, எதனைச் சொல்லாது விட்டன என்று கேட்பார் அரியர். விஞ்ஞானம் வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டது, ஆதலால் அதன் மொழியும் அவ்வாறானதே என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். அவ்வெண்ணத்தைப் பொதுப்படையாக மறுத்துரைப்பதிலும் பார்க்க, ஒரு தனி நூலை எடுத்து நுணுகி நோக்குதல் பயனுடைத்து.

ஈண்டு நாம் எடுத்துக்கொள்வது மைக்கல் பரடே (1791–1867) இலண்டன் றோயல் நிறுவனத்தில் 1860–61 நத்தார்க் காலத்தில் இளையோர் முன் நிகழ்த்திய ஆறு விரிவுரைகளின் எழுத்து வடிவமாகும். வில்லியம் குறூக்ஸ் பதிப்பித்து, 'ஒரு மெழுகுதிரியின் இரசாயன வரலாறு' என்னும் பெயரில் 1861இல் இது நூலுருப் பெற்றது. இதே பொருளை 1848–49இலும் பரடே அங்கு விரித்துரைத்திருந்தார். ஒரேயொரு மெழுகுதிரியை மேசைமீது நிறுத்தி, அதிலிருந்து தகனம், நீர், ஐதரசன், ஒட்சிசன், வளிமண்டலம், சுவாசம் என்று படிப்படியாக விரிந்து செல்லும் நூல் இது. ஆங்கிலத்தில் எழுந்த பொதுமக்கள் விஞ்ஞான நூல்களுள் இதற்கு ஈடானவை மிகச் சிலவே என்பது எமது கணிப்பு. பின்வரும் பக்கங்களில் நாம் கூறப்போகும் குறைகளை இக்கணிப்போடு சேர்த்தே வாசகர் கொள்ளல் வேண்டும்.

முதலில் பொருளைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். மெழுகுதிரியின் சுவாலை இன்றைய தகனவியலாளர் பரவற் சுவாலை என வகைப்படுத்துவதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். பன்சன் சுடரடுப்பில் வாயுவும் காற்றும் எரியுமுன்னரே கலந்துவிடுகின்றன. அதனாற் சுவாலை நீலமாயும் ஒளி குன்றியும் இருக்கும். மெழுகுதிரியில் அவ்வாறு நிகழ்வதில்லை. உருகிய மெழுகு திரியினூடாக மயிர்த்துளைத் தன்மையால் மேலேறி ஆவியாகின்றது. ஆவி உள்ளே நிற்கின்றது. ஒட்சிசன் வெளியே நிற்கின்றது. இரண்டும் எதிரெதிரே பரவிவந்து, ஒரு மெல்லிய மேற்பரப்பிற் சந்திக்கும் இடத்திலேயே தகனம் நடைபெறுகின்றது. 1928இல் பேர்க், சூமன் என்னும் இருவர், இரசாயனத் தாக்கம் நொடிப்பொழுதில் முடிந்துவிடுவதாகக் கொண்டு, வாயுக்கள் பரவிக் கலக்கும் வேகத்தை மட்டும் கணக்கிட்டுச் சுவாலையின் வடிவத்தைப் பெறலாம் எனக் காட்டினர். பரவற் சுவாலை பற்றிய கணிதக் கொள்கை அங்கிருந்தே தொடங்குகின்றது எனலாம்.

இவ்வமைப்பில் இடைநின்ற பகுதியே எமக்கு முக்கியமானது. ஒட்சிசன் எட்டாத உட்பகுதியில் மெழுகின் ஆவி வெப்பத்தாற் சிதைகின்றது. அசற்றலீன் முதலிய சிறு மூலக்கூறுகளும், மூன்று காபன் அணுக்களைக் கொண்ட நிலையற்ற துண்டுகளும் தோன்றுகின்றன. பின்கூறிய துண்டுகள் இரண்டு இணையும்போது ஆறு காபன் வளையமான பென்சீன் உருவாகலாம். அவ்வளையத்தின் ஓரத்தில் ஐதரசன் ஒன்று கழன்று அசற்றலீன் ஒன்று ஒட்ட, வளையத்தின் பக்கத்தில் வளையமாகப் பல்வளைய ஐதரோகாபன்கள் வளர்கின்றன. இப்படிமுறையை மைக்கல் பிறெங்கிளாக் முதலியோர் 1980களிலிருந்து விரிவாக வகுத்துக் காட்டினர். இம்மூலக்கூறுகள் திரண்டு திண்மத் துணிக்கைகளாகின்றன. துணிக்கைகள் 20 முதல் 50 நனோமீற்றர் விட்டமுள்ள உருண்டைகளாகிச் சங்கிலிபோற் கோத்துக்கொள்கின்றன. அனைத்தும் சில மில்லிசெக்கன்களில் நிகழ்ந்து முடிகின்றன. இதுவே புகைக்கரி. வெப்பத்தால் அது மஞ்சளாய் ஒளிர்கின்றது; பின்னர்ச் சுவாலையின் விளிம்பில் ஒட்சிசனைச் சந்தித்து எரிந்து மறைகின்றது. திரி நீண்டுவிட்டாலோ காற்று அலைத்தாலோ எரியாது தப்பி, கரும்புகையாக வெளியேறுகின்றது. எமது வீடுகளிற் குப்பி விளக்கின் மேலே சுவரிற் படிந்த கருமை இவ்வாறு தப்பியதே. சுவாலை ஒளிர்வதும் புகைவதும் ஒரே பொருளால் என்பதே இதன் சாரம்.

பரடே இதனை எவ்வாறு காட்டினார் என்பதை நோக்கும்போதுதான் நூலின் உரைநடைச் சிறப்பு விளங்கும். வளைந்த கண்ணாடிக் குழாயொன்றின் நுனியைச் சுவாலையின் இருண்ட நடுப்பகுதியில் வைக்கிறார். எரியாத ஆவி குழாய்வழியே வந்து மறுமுனையில் எரிகின்றது. அதே நுனியை ஒளிமிக்க பகுதிக்கு உயர்த்துகிறார். இப்போது வருவது கரும்புகை. வெள்ளைத் தாளொன்றைச் சுவாலையின் குறுக்கே ஒருகணம் பிடிக்கிறார். தாளில் வளையமாகக் கருகலும் நடுவே கருகாத வெண்மையும் தெரிகின்றன. மின்விளக்கின் ஒளியைச் சுவாலையின் ஊடே செலுத்தித் திரையில் அதன் நிழலை வீழ்த்துகிறார். சுவாலையில் மிகப் பிரகாசமான பகுதி எதுவோ அதுவே நிழலில் மிகக் கரியதாய் விழுகின்றது. ஒளியைத் தருவது ஒளியை மறைக்கவல்ல திண்மப் பொருள் என்பதை இதனிலும் சுருக்கமாக எவ்வாறு நிறுவ முடியும்? எமது பாடசாலைகளிற் சுவாலையின் வலயங்களை வரைந்து பெயரிடக் கற்பிக்கிறோம். மாணவர் பரீட்சை எழுதியபின் மறந்துவிடுகின்றனர். பரடே வலயங்களைப் பெயரிடுவதில்லை. கையை நீட்டி ஒன்றைச் செய்கிறார், விளைவைக் காட்டுகிறார், அது ஏன் என்று கேட்கிறார். அவருடைய வாக்கியத்தின் நீளம் அவருடைய கையசைவின் நீளமாகவே இருக்கின்றது.

இது வெறும் நடைத்திறன் அன்று. கொல்லன் மகனாகப் பிறந்து, பதினான்கு வயதில் புத்தகம் கட்டுபவர் ஒருவரிடம் தொழில் பயிலச் சேர்ந்து, கட்டவந்த நூல்களைப் படித்து இரசாயனம் கற்றவர் பரடே. கையாற் செய்து அறிதல் என்பது அவருக்கு வர்க்க அனுபவம். முதல் விரிவுரையில், அழகுக்கெனப் பள்ளமும் மேடுமாக வார்க்கப்பட்ட மெழுகுதிரிகள் நன்கு எரிவதில்லை என்று காட்டி, தோற்றத்திற் சிறந்தது எமக்கு நன்மை தருவதன்று, செயலிற் சிறந்ததே நன்மை தருவது என்ற கருத்துப்பட அவர் பேசும் இடம் ஒன்றுண்டு. விக்டோரியாக் காலத்து வரவேற்பறைகளின் அலங்கார மோகத்துக்கு ஒரு தொழிலாளியின் அழகியல் அளித்த விடையாக அதனை நாம் வாசிக்கிறோம். இந்தப் பின்னணியை அறியாது பரடேயை ஆளும் வர்க்கத்தின் எடுபிடி என ஒரு சொல்லில் தீர்த்துக்கட்ட முனைவோர் மார்க்சியத்தைக் கொச்சைப்படுத்துகின்றனர். 'குழந்தைகளும் விளங்கும் எளிமை' என்று புகழ்ந்துவிட்டு நின்றுவிடுவோரும் நூலை வாசித்தவராகார்.

கேட்டோர் யார் என்பதும் நோக்கற்பாலது. 1799இல் நிறுவப்பட்ட றோயல் நிறுவனம் கட்டணம் செலுத்தக்கூடிய உயர்குடியினரதும் நடுத்தர வகுப்பினரதும் அவையாகவே இயங்கிவந்தது. 1855 டிசம்பரில் பரடே அங்கு இளையோர்க்கு உரையாற்றியபோது அரசியின் கணவர் அல்பேட் தம் புதல்வருடன் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். அக்காட்சி ஓவியமாகவும் தீட்டப்பட்டுள்ளது. அவையினரின் முன்னே மேசைமீது வைக்கப்பட்ட பொருள்களை ஒருமுறை எண்ணிப்பார்ப்போம்: மாட்டுக் கொழுப்பில் தோய்த்த திரிகள், திமிங்கிலத்திலிருந்து பெற்ற மெழுகு, தேன்மெழுகு, அயர்லாந்தின் சதுப்பு நிலத்திலிருந்து பெற்ற பரபின், துறைமுகங்கள் அண்மையிலேயே அந்நியர்க்குத் திறந்துவிடப்பட்ட யப்பானிலிருந்து நண்பரொருவர் அனுப்பிய புதுவகை மெழுகு, கடலுள் மூழ்கிப் பல்லாண்டு கிடந்த போர்க்கப்பலிலிருந்து எடுத்த மெழுகுதிரி. ஒரு பேரரசின் வணிக வரைபடமே அம்மேசைமீது விரிந்துகிடந்தது. பரடே ஒவ்வொன்றின் தோற்றுவாயையும் நேர்மையாகச் சொல்லுகிறார். பொருள் வந்த இடம் சொல்லப்படுகின்றது. அதனை எடுத்து வந்தவர் சொல்லப்படுவதில்லை.

ஒரேயொரு விதிவிலக்கு உண்டு. முதல் விரிவுரையின் தொடக்கத்தில், ஓர் இறாத்தலுக்கு இருபது, முப்பது, நாற்பது, அறுபது என எண்ணத்தக்க மிகச் சிறிய மெழுகுதிரிகளைக் காட்டும்போது, பழைய காலத்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி தன் மெழுகுதிரிகளைத் தானே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது எனவும், சிறிய திரி சுரங்க வாயுவைப் பெரியதுபோல் விரைந்து பற்றவைக்காது என்று நம்பப்பட்டது எனவும், சிக்கனமும் ஒரு காரணம் எனவும் கூறுகிறார். அதன்பின் உருக்குச் சில்லும், டேவி விளக்கும், வேறு பாதுகாப்பு விளக்குகளும் வந்தன என்று சொல்லி, அடுத்த மெழுகுதிரிக்குச் சென்றுவிடுகிறார். ஆறு விரிவுரைகளிலும் சுரங்கத் தொழிலாளிக்குக் கிடைத்த இடம் இவ்வளவே. தன் உயிரைக் காக்கும் விளக்கையும் தன் கூலியிலிருந்தே வாங்கும் மனிதன் இரண்டொரு வாக்கியத்துள் வந்து மறைகிறான். தொனியில் இரக்கமுமில்லை, ஏளனமுமில்லை. பழைய வழக்கமொன்றைக் குறிப்பிடும் தொனி மட்டுமே உண்டு.

இவ்விடத்தில் நாம் தங்கிநிற்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. சுவாலையின் ஒளி திண்மக் காபன் துணிக்கைகளால் வருவது என்ற கருத்து பரடேயினுடையதன்று. அவருடைய ஆசான் ஹம்பிரி டேவியினுடையது. டேவி அதனைக் கண்டறிந்தது மெழுகுதிரியின் அழகில் மயங்கியதாலன்று. 1812 மே 25ஆம் நாள் வட இங்கிலாந்தின் பெலிங் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிப்பில் 92 பேர் மாண்டனர். அதனைத் தொடர்ந்து எழுந்த வேண்டுகோளை ஏற்று 1815இல் டேவி பாதுகாப்பு விளக்கை அமைத்தார். உடனிருந்து உதவியவர் இளம் பரடே. மெல்லிய கம்பிவலை சுவாலையின் வெப்பத்தை ஈர்த்துக்கொள்வதால் தீ வலையைக் கடந்து வெளிவாயுவைப் பற்றுவதில்லை என்பது அவ்விளக்கின் தத்துவம். அவ்வாய்வின் தொடர்ச்சியாகவே, வலைக்குள் எரியும் சுவாலை ஏன் ஒளிர்கிறது, ஏன் ஒளி இழக்கிறது என்ற வினாக்கள் எழுந்தன. 1817இல் வெளியான சுவாலை பற்றிய கட்டுரையில் டேவி விடை கூறினார். ஆகவே, நத்தார் விடுமுறையில் இளையோர் கண்டு வியந்த உண்மையின் பிறப்பிடம் சுரங்கமாகும். விளக்கு வந்தபின் சுரங்க மரணங்கள் குறைந்தனவா என்றால், இல்லை. முன்னர் அபாயமெனக் கைவிடப்பட்ட பகுதிகளிற் புதிய விளக்குடன் தொழிலாளர் இறக்கப்பட்டனர். 1835இல் பாராளுமன்றத் தெரிகுழு மரணங்கள் குறையாமையை ஒப்புக்கொண்டது. உற்பத்திச் சாதனத்தில் ஏற்படும் திருத்தம் யாருக்குப் பயன்படும் என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன என்பதற்கு இதைவிட வெளிப்படையான சான்று வேண்டியதில்லை.

இரண்டாம் விரிவுரையில் நூலின் மையமான வாக்கியம் வருகின்றது. வெடிமருந்தையும் இரும்புத் தூளையும் கலந்து எரித்து, திண்மத் துணிக்கை சுவாலையின்றி ஒளிர்வதைக் காட்டியபின், இலண்டன் நகரமெங்கும் கரியாகவும் கருந்துகளாகவும் பறந்து திரிகின்ற இப்பொருளே சுவாலையின் அழகும் உயிருமாகும் என்று உங்களாற் கருத முடியுமா என்ற கருத்தில் பரடே அவையினரை வினவுகிறார். இயங்கியல் அறிந்த வாசகர் எவரையும் இவ்வினா நிறுத்திவைக்கும். அழுக்கும் அழகும் ஒன்றே. ஒன்று மற்றொன்றாக மாறும் நிலைமைகளே வேறு. இருபொருள்களுக்கிடையே எதிர்நிலையைக் காண்பதன்று, ஒருபொருளினுள்ளேயே எதிர்நிலையைக் காண்பது இங்கு நிகழ்கின்றது. ஆயின் இலண்டன் என்ற பெயர் வாக்கியத்துள் வந்த அதே கணத்தில் வாக்கியம் சுவாலைக்குத் திரும்பிவிடுகின்றது. அக்கரி யாருடைய வீட்டில் எரிந்த நிலக்கரியிலிருந்து வந்தது, யாருடைய தோலிற் படிந்தது என்ற வினாக்களுக்கு அவ்வாக்கியத்தில் இடமில்லை.

யாருடைய தோலில்? 1775இலேயே பேர்சிவல் பொட் என்னும் சத்திரவைத்தியர், புகைபோக்கி துடைக்கும் சிறுவராயிருந்தோர்க்கு விதைப்பையிற் புற்றுநோய் உண்டாவதை எழுதி, புகைக்கரியே காரணம் எனக் காட்டியிருந்தார். தொழிலால் வரும் புற்றுநோய் முதன்முதல் அறியப்பட்டது இதனாலேயே. 1788இலும் 1834இலும் 1840இலும் சட்டங்கள் வந்தன. 1840ஆம் ஆண்டுச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்ட எவரும் புகைபோக்கியுள் ஏறுதலைத் தடைசெய்தது. எவரும் பொருட்படுத்தவில்லை. பரடே விரிவுரையாற்றிய அந்நத்தார்க் காலத்தில், அவையில் அமர்ந்திருந்தோரின் வயதினும் குறைந்த சிறுவர் இங்கிலாந்தின் புகைபோக்கிகளுள் முழங்காலாலும் முழங்கையாலும் ஏறிக்கொண்டிருந்தனர். அதற்கு ஏழாண்டின் பின், 1867இல் வெளியான 'மூலதனம்' முதற்பாகத்தில் மார்க்ஸ், இத்தொழிலுக்கு இயந்திரங்கள் இருந்தும், பெற்றோரால் விற்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுவர் உயிருள்ள துடைப்பு இயந்திரங்களாகப் பயன்படுத்தப்பட்டதைக் குறிப்பிடுகிறார். 1875ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே இவ்வழக்கம் ஒழிந்தது.

இலக்கியம் இச்சிறுவரை மறக்கவில்லை. வில்லியம் பிளேக் 1789இலும் 1794இலும் வெளியிட்ட இரு தொகுதிகளிலும் புகைபோக்கிச் சிறுவனைப் பாடினார்; பிற்பட்ட கவிதையில் திருச்சபையையும் அரசையும் பெயர்சொல்லிக் குற்றஞ்சாட்டினார். சார்ள்ஸ் கிங்ஸ்லியின் 'நீர்க் குழந்தைகள்' 1863இல் நூலாக வந்தது. அதில் கரிபடிந்த சிறுவன் நீரில் வீழ்ந்து தூய்மையாகி ஒழுக்கமும் கற்றுக்கொள்கிறான். பிளேக்கிடம் கரி சமூகக் குற்றத்தின் அடையாளம். எழுபது ஆண்டின்பின் கிங்ஸ்லியிடம் அது கழுவப்படவேண்டிய அழுக்கு. பரடேயிடம் அது கண்ணாடிக் குழாயிலிருந்து வெளிவரும் ஆய்வுப்பொருள். பிளேக்குக்குக் கரியின் இரசாயனம் தெரியாது. பரடேயின் நூலிற் கரியின் சிறுவன் இல்லை. இவை இரண்டையும் ஒன்றாய் வைத்துப் பார்க்கும் நூல் எதுவும் அந்நூற்றாண்டில் எழவில்லை என்பதற்குத் தனிமனிதரைக் குறைகூறிப் பயனில்லை. மூளையுழைப்பும் உடலுழைப்பும் பிரிந்து நின்ற சமுதாயத்தில் அறிவுத்துறைகளும் அவ்வாறே பிரிந்து நின்றன.

பிரிவினையைத் தாண்டும் வாய்ப்பு ஒன்று இருந்தது என்பதையும் கூறுதல் வேண்டும். 1850இல் சார்ள்ஸ் டிக்கன்ஸ் தம் வார இதழான 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' ஏட்டுக்காகப் பரடேயிடம் அவருடைய விரிவுரைக் குறிப்புகளைக் கேட்டுப் பெற்றார். அதன் பயனாக, பேர்சிவல் லீ எழுதிய 'ஒரு மெழுகுதிரியின் இரசாயனம்' என்ற கட்டுரை அவ்வாண்டு ஓகஸ்ட் மாதம் வெளிவந்தது. கதைவடிவம், ஒரு குடும்பத்து விருந்து, விரிவுரையைக் கேட்டுவந்த சிறுவன் வயதான மாமனுக்கு மெழுகுதிரியை விளக்குகிறான். இரசாயனம் பிழையின்றி வருகின்றது, நகைச்சுவையும் உண்டு. ஆனால் மேசைமீதிருந்த மெழுகுதிரி விருந்தறைக்குள் இடம்பெயர்ந்தது மட்டுமே நிகழ்ந்தது. சுரங்கங்களையும் ஆலைகளையும் பற்றி எழுத அஞ்சாத இதழ் அது; விபத்துக்குள்ளாகும் ஆலைத் தொழிலாளருக்காகப் பின்னர் கடுமையாக வாதிட்டதும் அதுவே. அப்படியிருந்தும், விஞ்ஞானம் வந்தபோது அது நடுத்தர வகுப்பின் பொழுதுபோக்காகவே வந்தது. டிக்கன்ஸின் புனைகதையில் இலண்டனின் கரி எவ்வளவு கனமாகப் பெய்கிறது என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பையே தரும்.

பரடேயின் விளக்கம் நெடுநாள் கேள்விக்குட்படாது நிற்கவில்லை. 1860களில் எட்வேட் பிராங்லண்ட், சுவாலையின் ஒளி திண்மத் துணிக்கைகளாலன்றி அடர்த்திமிக்க ஐதரோகாபன் ஆவிகளால் வருவது என வாதிட்டார். மெழுகுதிரியின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் துணிக்கைகளினதே என்பது இன்று ஐயமற்றது. ஆயினும் அத்துணிக்கைகள் பிறப்பதற்கு முந்திய கட்டத்தில் பிராங்லண்டின் கன ஆவிகளே நிற்கின்றன. இதில் இன்னொரு வியப்பும் உண்டு. புகைக்கரியின் வாயிலில் நிற்கும் பென்சீனை 1825இல் முதன்முதற் பிரித்தெடுத்தவர் பரடேயே. ஒளிதரும் வாயுவை அழுத்திக் கலன்களில் அடைத்து விற்ற வியாபாரத்தில் கலன்களின் அடியிற் தேங்கிய எண்ணெய்க் கசடில் அவர் அதனைக் கண்டார். அதன் வளைய அமைப்பை கெக்குலே 1865இல் முன்மொழிந்தார். தம் கையால் முன்னர் பிரித்தெடுத்த பொருளுக்கும் தம் மேசைமீது புகைந்த கரிக்கும் உள்ள உறவைப் பரடே அறிந்திருக்க வழியில்லை. ஐந்து வளையங்கள் இணைந்த பென்சோபைரீன், நிலக்கரித் தாரிலிருந்து 1933இல் இலண்டனிற் பிரித்தெடுக்கப்பட்டு, புற்றுநோய் விளைப்பதென நிறுவப்பட்டது. பொட் கண்ட நோய்க்கும் பரடே கண்ட பொருளுக்கும் இடையிலிருந்த வழி 158 ஆண்டின் பின்னர் இவ்வாறு துலங்கியது.

ஆய்வு ஏன் இத்துணைக் காலம் எடுத்தது என்பதற்கு அறிவின் கடினம் மட்டும் காரணமன்று. சமூகத்துக்கு, இன்னும் சரியாகச் சொன்னால் சந்தைக்கு, புகைக்கரி எவ்வாறு வேண்டப்பட்டது என்பதே ஆய்வின் திசையை வகுத்தது. வாயுவிளக்குக் கொம்பனிகளின் காலத்தில் சுவாலைக்குள் கரி வேண்டும், வெளியே வேண்டாம். 1885இல் அவுவர் வொன் வெல்ஸ்பாக் ஒளிவலையை உருவாக்கியபின், பின்னர் மின்விளக்கும் பரவியபின், சுவாலைக்குள்ளும் கரி வேண்டாததாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகன டயருக்கு வலுவூட்டக் கரித்தூள் தேவைப்பட்டபோது, முன்னர் விரட்டப்பட்டதையே பேரளவில் உற்பத்தி செய்யத் தொடங்கினர். டீசல் எஞ்சின்களின் புகை பணக்கார நாடுகளின் நகரங்களிற் சட்டப் பிரச்சினையானபோதுதான், மில்லிசெக்கன் அளவில் துணிக்கையின் பிறப்பை ஆராயப் பெரும்பணம் கிடைத்தது. 1992இலும் 1996இலும் விண்வெளியில் மெழுகுதிரி எரித்துப் பார்க்கப்பட்டது. சூடான காற்று மேலெழாத அந்நிலையில் சுவாலை நாக்குப்போல் நீளாது, மங்கிய நீலக் கோளமாக நின்றது. பரடே முதல் விரிவுரையிலேயே சுவாலையை நீட்டுவது மேலெழும் காற்றோட்டம் என்று சொன்னது மெய்ப்பட்டது. மறுபுறத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2020இல் வீட்டினுள் எரியும் விறகு, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் மாசினால் 32 இலட்சம் பேர் இறந்தனர். முகட்டில் ஒட்டறை தொங்கும் குசினிகளில் விறகு ஊதும் பெண்களை நன்கறிந்த எமது வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990களின் மண்ணெண்ணெய்த் தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்து மாணவர் போத்தலுள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்துப் படித்தனர். ஒளியும் கரியும் ஒரே பொருள் என்பதை அவர்கள் விரிவுரை கேளாமலே அறிந்திருந்தனர்.

இனி, பரடே சுரங்கத் தொழிலாளியை அறியாதவர் என்று எவரேனும் கருதுவராயின், அக்கருத்துத் தவறாகும். 1844 செப்டெம்பர் 28ஆம் நாள் டேர்ஹம் மாவட்டத்து ஹஸ்வெல் சுரங்கத்தில் வெடிப்பு நிகழ்ந்து, ஆண்களும் சிறுவர்களுமாக 95 பேர் மாண்டனர். அவ்வட்டாரத்துச் சுரங்கத் தொழிலாளரின் பெரும் வேலைநிறுத்தம் தோல்வியுற்றுச் சில வாரங்களே கடந்திருந்தன. ஏங்கெல்ஸ் 1845இல் வெளியிட்ட இங்கிலாந்துத் தொழிலாளர் நிலைபற்றிய நூலிலும் இவ்வெடிப்புக் குறிப்பிடப்படுகின்றது. தொழிலாளரின் சட்டத்தரணியான றொபேட்ஸ் வற்புறுத்தியதன் பேரில், பிரதமர் பீல் பரடேயையும் புவியியலாளர் சார்ள்ஸ் லையலையும் மரண விசாரணைக்கு அனுப்பினார். பரடே சாட்சிகளை வினவினார், சுரங்கத்துள் இறங்கினார். காற்றோட்டத்தின் வேகத்தை எவ்வாறு அளக்கிறீர்கள் என்று அவர் கேட்டபோது, பரிசோதகர் ஒரு சிட்டிகை வெடிமருந்தை மெழுகுதிரிச் சுவாலையின் ஊடே தூவிப் புகை செல்லும் நேரத்தைக் காட்டினாராம். வெடிமருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்க, நீங்கள் அமர்ந்திருக்கும் மூட்டையில் என்று விடை வந்ததாம். லையல் பின்னாளில் நினைவுகூர்ந்த செய்தி இது. அவையோர் வியக்க மேசைமீது எரிந்த வெடிமருந்தும் மெழுகுதிரியும் இங்கே வேறொரு வாழ்வில் இருந்தன.

விசாரணை மன்றம் விபத்து மரணம் எனத் தீர்ப்பளித்தது. எவர்மீதும் குற்றம் சுமத்தப்படவில்லை. பரடேயும் லையலும் தம் அறிக்கையில், நிலக்கரி வெட்டப்பட்டு வெறுமையான பகுதிகளிற் தேங்கும் வாயுவைக் குழாய்கள் மூலம் உறிஞ்சி அகற்றலாம் என்று பரிந்துரைத்தனர்; சுரங்க உடைமையாளர் தரப்பு அது நடைமுறைக்கு ஒவ்வாதது என்றது. அறிக்கையின் இன்னொரு முடிவு அதனினும் பாரதூரமானது: வெடித்தது வாயு மட்டுமன்று, தரையிலும் சுவரிலும் கிடந்த நிலக்கரித் தூளும் கிளர்ந்தெழுந்து எரிந்தது. இவ்வுண்மை பல பத்தாண்டுகள் பரவலாக ஏற்கப்படாது கிடந்தது. 1906 மார்ச் 10ஆம் நாள் பிரான்சின் கூரியேர் சுரங்கத்தில் தூள் வெடிப்பு 1,099 உயிர்களைக் கொண்டபின்னரே அதனை மறுப்பது இயலாததாயிற்று.

ஹஸ்வெல் அறிக்கையை எழுதி நான்கு ஆண்டின் பின்னர் பரடே மெழுகுதிரியை முதன்முறை மேசைமீது ஏற்றினார். பதினாறு ஆண்டின் பின்னர் இரண்டாம் முறை. கடைசி விரிவுரையில் மனித உடலே ஒரு மெழுகுதிரி என்று காட்டி, ஒரு மனிதன் நாளொன்றுக்கு ஏழு அவுன்சு காபனை எரிக்கிறான் எனக் கணக்கிட்டு, நீங்களும் அயலாருக்கு ஒளியாகுக என்று வாழ்த்தி முடிக்கிறார். ஹஸ்வெல் அங்கு இல்லை. அவ்வறிக்கையும் இவ்விரிவுரைகளும் ஒரே மனிதரின் ஆய்விலிருந்து பிறந்த இரண்டு எழுத்துகள். நாமறிந்தவரை எமது பல்கலைக்கழகப் பாடத்திட்டம் எதிலும் அவை ஒருங்கே வைக்கப்பட்டதில்லை. வைத்தால் மாணவர் எதனைக் காண்பர் என்பதற்கு ஓர் இடத்தை மட்டும் சுட்டுவோம். சுரங்கத்துள் முட்டுக்கால்களின் ஒரு பக்கத்தில், தீ வந்த திசைக்கேற்ப, பாதி எரிந்து கோக்காகிய கரித்தூள் படையாக ஒட்டியிருந்ததை அறிக்கை பதிவுசெய்கின்றது. எப்பக்கம் ஒட்டியிருக்கிறது, எவ்வளவு கனம், அதிலிருந்து எரிவாயு எவ்வளவு நீங்கியிருக்கிறது என்று அங்கே பார்த்த கண்தான், பின்னர் சுவாலைக்குள் கண்ணாடிக் குழாயின் நுனியை வைத்து, கரி எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்தது.